வக்கீல் ஊற்றிய ஆசிட்

1

இந்தக் கதை பிறந்தது கோபத்தில். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது இதைக் கலை என்று பாராட்டித் தொலைப்பார்கள்.

'1934ஆம் வருஷம், மயிலாப்பூர் மாடவீதியில் மாலை வெயில் சாய்ந்து...'

(அடித்துவிட்டேன். வெயிலா இப்போது முக்கியம்?)

2

கரீமுல்லாவுக்கு நாற்பது வயது. லஸ்ஸில் ஒரு கடையில் எட்டு வருஷமாக ரேடியோ பாட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றுகிறார். மெயின் கரண்டை நேரே விட்டால் பாட்டரி பாழ். அதனால் நடுவில் பல்புகளைக் கோர்ப்பார். அவை தடுத்து அளவாக விடும். வக்கீல் கல்யாணராமனின் நிக்கல் பாட்டரிக்கு ஏழு மணி நேரம் ஆயிற்று. வோல்ட்மீட்டர் முள் ஏறி, அப்புறம் அசையாமல் நின்றதும் கழற்றிக் கொடுத்தார்.

(முதல் பிரதியில் கரீமுல்லா 'அவன்', வக்கீல் 'அவர்'. கை பழக்கதோஷத்தில் எழுதிவிட்டது. மாற்றிவிட்டேன்.)

3

வக்கீல் தன் வீட்டில், பாட்டரித் தண்ணீரின் கனம் பார்க்கும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தான். மிதவை ஏறவில்லை. ஈய பாட்டரியில் சார்ஜ் ஏறினால் மிதவையும் ஏறும். நிக்கலுக்குள் இருப்பது ஆசிட் அல்ல, பொட்டாஷ் கரைத்த காரத் தண்ணீர். சார்ஜ் ஏறினாலும் இறங்கினாலும் மிதவை இருந்த இடத்திலேயே இருக்கும்.

"சார்ஜே ஏத்தலை பாருங்கோ. திருட்டுப் பயல். நானே சரி பண்ணிக்கறேன்" என்று ஈய பாட்டரிக்கு வைத்திருந்த ஆசிட்டை எடுத்து ஊற்றினான். பாட்டரி அங்கேயே செத்தது.

(இவனை நல்லவனாக்கப் பார்த்தேன். மகள் கல்யாணக் கவலை, ரத்தக்கொதிப்பு என்று இரண்டு பக்கம். கிழித்துப் போட்டேன்.)

4

இன்று காலை கடை முதலாளி, வக்கீல் அனுப்பிய ஒரு காகிதத்தைக் கரீமுல்லாவிடம் நீட்டினான். ஆசிட் ஊற்றிக் கெடுத்தது கரீமுல்லாதான் என்று அதில் எழுதியிருந்தது.

"பெரிய எடத்து விவகாரம். கடை மூடறதுக்குள்ள கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளைக்கு வராத."

"நான் ஊத்தல மொதலாளி. பொட்டாஷ் எது, ஆசிட் எதுன்னு தெரியாதவன்னு இல்ல எழுதிக்கீது? இதுல போட்டா மெட்ராஸ்ல எவன் என்னாண்ட பாட்டரி குடுப்பான்?"

(காகிதத்தைப் பற்றி வக்கீலே மத்தியானம் சொல்லிச் சிரித்தான். பேச்சு மட்டும் என் ஊகம்.)

5

முடிவு ஒன்று: கையெழுத்துப் போடுகிறார். வேலை தங்கும், பெயர் போகும்.

முடிவு இரண்டு: காகிதத்தைக் கிழித்து முதலாளி முகத்தில்...

(வேண்டாம். எழுதுகிற எனக்கு ஜம்மென்று இருக்கும். நாளைக்கு உலை வைக்க வேண்டியது கரீமுல்லா வீட்டில்.)

மூன்று: வக்கீல் ஊற்றியதைப் பார்த்த ஒருவன் கடைக்குப் போய் உண்மையைச் சொல்கிறான். அப்படி ஒருவன் இருக்கிறான். வக்கீல் வீட்டுக் கூடத்தில், வக்கீல் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். வக்கீல் சிபாரிசில் அவன் புத்தகம் அச்சாக வேண்டியிருந்தது.

கடை மூட இன்னும் ஒரு மணி நேரம். லஸ் இங்கிருந்து நடை தூரம். நான் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னைக் காறித் துப்பிவிட்டு எழுதுங்கள்.