ஒரே வரியில் ராஜகோபாலன்

...இல்லை, பெயர் பூவுக்கு அப்புறம்தான், முதலில் போட்டால் பூ விழுந்து மறைத்துத் தொலைக்கும், கேக் வெட்டும் படம், அதன்மேல் அவர் போட்டோ, அதன்மேல் பூ, அப்புறம் ‘ஷ்ரவண் முதல் பிறந்தநாள்’, எல்லாவற்றுக்கும் மேலே லேசான பனிமூட்டம், அத்தனையும் கம்ப்யூட்டருக்கு ஒரே கட்டளை, ஒரே வரி. ஒவ்வொன்றாகப் போட்டுச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் படம் மங்கும், பிள்ளையின் மூக்கு முழியே தெரியாது, அப்புறம் எதை அனுப்பி என்ன பிரயோஜனம்? பாண்டி பஜார் மாடியில் இந்தக் கல்யாண வீடியோ கடையில் ஹம்சாவுக்கு இதே பிழைப்பு, தாலி கட்டும்போது செத்துப்போன அப்பா வந்து ஆசீர்வதிக்க வேண்டும் என்பார்கள், கண்ணை மூடிக்கொண்டு அந்த வரியை அடிப்பாள். இன்று அவளுக்கே அவளுக்காக ஒரு வரி. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது மஸ்கட் போனவர் ராஜகோபாலன், இன்னும் முகம் பார்க்கவில்லை... பிள்ளை பக்கத்தில் தன்னையே பார்த்தால் மனசு கேட்குமா, ஓடி வந்துவிட மாட்டாரா? ‘ஆடிக்குள்ள வந்துடறேன் ஹம்சா’ என்றார் போனில், எந்த ஆடி என்று சொன்னாரா மனுஷன்? கழுத்தருகே வரும் அந்த வியர்வை வாசனைகூட மறந்துகொண்டு வருகிறதே, ஐயோ, வேணும், அவர் வேணும். பன்னிரண்டரைக்குத் தட்டிவிட்டாள். கம்ப்யூட்டர் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டது. நாலு மணிக்கு முதலாளி ஷாஹுல் ஹமீதின் மச்சான் மஸ்கட் போக ஏர்போர்ட் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தால்தான் உண்டு.

கேசட்டில் ஏற்றி ஓட்டியபோது ஷாஹுல் பாய் எட்டிப் பார்த்தார், டீ கிளாஸ் பாதியில் நின்றது. “இன்னாமா இது? உன் வூட்டுக்காரரு நல்லாத்தானே கீறாரு? வட்டம் கட்டி, சாமந்தி மாலை வெச்சு, பின்னால வெளிச்சம் சுத்த வுட்டுகீறியே!”

பார்த்தாள். ஆமாம், செத்தவர்களுக்கான அதே வரி, விரல் பழக்கத்தில் அடித்திருக்கிறது, சண்டாளி, சுமங்கலி செய்கிற வேலையா இது? எடுத்துவிட்டுத் திரும்ப ஓட்ட நேரமில்லை, கீழே மச்சான் ஹாரன் அடிக்கிறார். திரையில் ராஜகோபாலன் மாலைக்குள் சிரித்தபடி மெல்ல மேலே போனார். அழ வேண்டும், நெஞ்சு பதற வேண்டும், ஏன் பதறவில்லை? ஒன்றரை வருஷமாக உள்ளே ஓயாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒன்று, அந்த ஒரு நிமிஷம், அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டது.

“குடுக்கட்டுமா, வேணாமா? சொல்லு தாயி” என்றார் பாய். கேசட் இன்னும் சூடாக அவள் கையிலேயே இருந்தது.