உறைந்த ஏரியில் ஒரு கதவு

கணவன் இறந்து வீட்டை விற்றபின், குளிர்காலத்தில் வெர்னாவுக்கு அந்த மரக்குடில்தான் வீடு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஏரி உறைந்ததும் அதை இழுத்து வந்து பனிக்கட்டியின்மேல் நிறுத்திவிடுவாள். குடிலின் தரையிலும் அதன் கீழே பனிக்கட்டியிலும் போட்ட துளை வழியே மீன் பிடிப்பதும், சமைப்பதும், தூங்குவதும் அதற்குள்தான்.

அன்று கதவைத் தட்டியவர் மீன்வளக் காவலர் டேல்.

"திறங்கம்மா. எத்தனை மீன் பிடிச்சிருக்கீங்கன்னு பார்க்கணும்."

"மீனைத்தானே பார்க்கணும்?"

கதவைக் கொஞ்சமாகத் திறந்து மீன்பிடி உரிமச் சீட்டை நீட்டினாள். பிறகு மீன்களை ஒவ்வொன்றாகப் பனியில் எறிந்தாள்.

டேல் எண்ணிப் பார்த்தார். சட்டம் அனுமதித்த அளவுக்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனாலும் கதவைத் தள்ளினார். வெர்னா உள்ளிருந்து காலால் முட்டுக்கொடுத்தாள்.

"உள்ளேயும் ஒரு பார்வை பார்த்துடுறேன்."

"நான் படுத்துத் தூங்குற வீடு தம்பி இது. நீதிபதி கையெழுத்துப் போட்ட உத்தரவு இருக்கா?"

"ஒளிக்க ஒண்ணுமில்லேன்னா திறக்க வேண்டியதுதானே?"

"ஒண்ணுமில்ல. அதனாலதான் தைரியமா மாட்டேங்கிறேன்."

"பக்கத்துக் குடில்ல எல்லாரும் திறந்தாங்க."

"அதான் உனக்கு என் கதவும் உன் கதவாத் தெரியுது."

டேல் கையை எடுத்தார். "உத்தரவோட வந்தா?"

"வா, காபி தரேன். பூட்ஸை மட்டும் வாசல்லயே கழட்டிடு."