தொட்டால் பறப்பவர்கள்

மாஸ்டர் தொட்டால் பல் டாக்டர் பறப்பார். காலை ஆறு மணிக்கு அந்தக் கூடத்தில் டாய் சி என்கிற சீனத் தற்காப்புக் கலையைக் கற்க வருகிற முப்பது பேரும் தினமும் பார்க்கிற காட்சி அது. டாக்டர் தொண்ணூறு கிலோ. மாஸ்டர் ஊதினால் ஒடிந்துவிடுவார் போலிருப்பார். டாக்டர் இரண்டு உள்ளங்கையையும் மாஸ்டரின் மார்பில் வைத்துத் தள்ளுவார். மாஸ்டர் இடுப்பை ஒரு விரற்கடை திருப்பி, கையை லேசாக நீட்டுவார். டாக்டர் தடதடவென்று நாலு எட்டு பின்னால் போய், சுவரில் சாத்தியிருக்கும் மெத்தையில் மோதி நிற்பார்.

"ஷாக் அடிச்ச மாதிரி இருக்கு மாஸ்டர்!" என்பார், குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு.

டாய் சி மாஸ்டருக்குப் பிழைப்பு இல்லை. பிழைப்பு தராசு. கடைகளில் இருக்கிற எலக்ட்ரானிக் தராசுகளைப் பழுது பார்த்து, சரியாக எடை காட்டுகிறதா என்று சோதித்துக் கொடுப்பார். அதனால் எதை விளக்கினாலும் எடையில்தான் ஆரம்பிப்பார்.

"ஒருத்தர் உங்களைத் தள்றார்னா என்ன அர்த்தம்? தன் எடையில கொஞ்சத்தை உங்க மேல சாய்ச்சு வைக்கிறார். சுவர்ல சாயற மாதிரி. திடீர்னு சுவரை எடுத்துட்டா?"

"விழுவார்."

"அவ்வளவுதான் விஷயம். நாம சுவரா நிக்க வேண்டாம். கதவா இருப்போம். தள்ளினா திறந்துக்குவோம்."

இதில் பொய் எதுவும் இல்லை. சில நிபந்தனைகள் மட்டும் உண்டு. தள்ளுகிறவர் மெதுவாகத் தள்ள வேண்டும். முன்கூட்டியே கையை வைத்துவிட்டுத் தள்ள வேண்டும். தள்ளத் தொடங்கியபின் நிறுத்தாமல் தள்ள வேண்டும். பதினோரு வருஷமாக அந்தக் கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் தள்ளினார்கள். புதிதாக வந்தவர் யாராவது பறக்காமல் நின்றால், "உடம்பை இறுக்கி வைச்சிருக்கீங்க, விடுங்க" என்பார் மாஸ்டர். அவரும் கூச்சப்பட்டு உடம்பைத் தளர்த்துவார். ஒரு மாதத்தில் அவரும் பறப்பார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பறப்பது அங்கே ஒரு மரியாதை. நாளாக ஆக மரியாதை பழக்கமாகும். பழக்கம் உடம்பில் ஏறிவிடும். அப்புறம் பறக்கிறவருக்கே தான் பறக்கிறோமா பறக்க வைக்கப்படுகிறோமா என்று தெரியாது.

வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் தராசுக்காரருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஒரு தராசைச் சோதிக்கும்போது, அதே தராசில் நிறுத்து எடுத்த பொருளை மறுபடி அதன்மேல் வைத்துப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. போன தடவை காட்டிய தப்பையே அது இந்தத் தடவையும் காட்டும். வெளியிலிருந்து முத்திரை போட்ட எடைக்கல் ஒன்று வேண்டும். பதினோரு வருஷத்தில் அந்தக் கூடத்துக்கு வெளிக்கல் ஒன்றுகூட வந்ததில்லை.

வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கடைத்தெருவில்.

மாஸ்டரும் அவருடைய மச்சினனும் ஒரு மளிகைக் கடைக்குத் தராசு இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வேன்காரன் தன் வண்டியை அவர்கள் வழியை மறித்து நிறுத்தினான். மாஸ்டர் நியாயம் கேட்டார். நியாயம் அவர் பக்கம்தான். அவன் இறங்கி வந்தான். மாஸ்டரின் முழங்கால்கள் தானாக மடங்கின, தோள் இறங்கியது, கைகள் தண்ணீரில் மிதக்கிற மாதிரி எழுந்தன. அவன் தொடுவதற்காகக் காத்திருந்தார். தொட்டால்தானே அவன் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கை காது மாதிரி கேட்க முடியும்?

அவன் கன்னத்தில் அறைந்தான். தொட்டபோதே எல்லாம் முடிந்திருந்தது. கை கேட்பதற்கு அதில் எதுவும் இல்லை. கண்ணாடி எங்கோ போய் விழுந்தது. அடுத்து ஒரு தள்ளு. மாஸ்டர் காலி அட்டைப்பெட்டிகளின்மேல் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் கூப்பி, "தெரியாம சொல்லிட்டேன் சார்" என்றார்.

அறைகூடப் பரவாயில்லை. அந்தக் கும்பிடுதான் அவருக்கு ஜென்மத்துக்கும் மறக்காது.

திரும்பும் வழியில் மச்சினன் கொஞ்ச தூரம் வாயைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டினான். அவனால் அதற்கு மேல் முடியவில்லை.

"மாமா, அது எந்த ஸ்டெப்பு? கன்னத்தை நீட்டினீங்களே, அது."

"சும்மா இரு மாப்ளே."

"இல்ல, எதிரியோட பலத்தை அவனுக்கே திருப்பிக் கொடுக்கணும்னு சொல்வீங்களே. இன்னைக்கு நீங்களே வைச்சுக்கிட்டீங்க."

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மச்சினன் சிரிப்பதை நிறுத்தினான்.

"அக்காகிட்ட சொல்ல மாட்டேன் மாமா. பயப்படாதீங்க. ஆனா கிளாஸ்ல சொல்வீங்கதானே?"

"அங்க எதுக்குச் சொல்லணும்?"

"சும்மா கேட்டேன்."

மறுநாள் காலை கன்னம் வீங்கியிருந்தது. பல் வலி என்று வீட்டில் சொன்ன பொய்யையே கூடத்திலும் சொன்னார். எதிரே நின்றது பல் டாக்டர் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

"அட, என்கிட்ட சொல்லக் கூடாதா மாஸ்டர்? வாயைத் திறங்க. எந்தப் பல்லு?"

மாஸ்டர் வாயைத் திறந்து ஏதோ ஒரு பல்லைக் காட்டினார். டாக்டர் கைபேசி வெளிச்சத்தில் எட்டிப் பார்த்து, சாவியால் தட்டினார்.

"இது கல்லு மாதிரி இருக்கே?"

"உள்ளுக்குள்ள வலிக்குது" என்றார் மாஸ்டர். அதுவரை அன்று அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

அன்றைக்குப் பார்த்துத்தான் கண்டக்டரம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள். பஸ்ஸில் நாளெல்லாம் நின்று முழங்கால் போய், ஆறு மாதத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தவள். டாய் சி அவளுக்கு நன்றாகவே உதவியிருந்தது. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கொடுக்கிறேன் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாள்.

"மாஸ்டர், சாயங்கால டிரிப்ல ஒருத்தன் ஏறறான். சில்லறை கொடுக்கும்போது கையைப் பிடிக்கிறான். நாளுக்கு நாள் ஜாஸ்தியாகுது. டிரைவர்கிட்ட சொல்லி வண்டியை நிறுத்தலாம். ஆனா தினமும் நிறுத்தினா ஜனங்க என்னைத்தான் திட்டுவாங்க. நானே சமாளிச்சுடலாமான்னு பார்க்கறேன். நாம கத்துக்கறது நிஜத்துல வேலை செய்யுமா?"

முப்பது முகங்கள் திரும்பின. அவருக்குக் கன்னம் விண்விண்ணென்று தெறித்தது. "தெரியலம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. பல் டாக்டர் அவருக்கு முந்திக்கொண்டார்.

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டே? என் சைஸைப் பாரு. நானே பறக்கறேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். "செய்யும்" என்றார் மாஸ்டர்.

சொன்னதோடு நிற்கவில்லை. அவளைத் தன் மணிக்கட்டைப் பிடிக்கச் சொன்னார். ஒரு பிடியில் நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம். கட்டைவிரல் பக்கம்தான் பலவீனம். அந்த இடைவெளி வழியாகக் கையைத் திருப்பினால் பிடி திறந்துவிடும் என்று விளக்கினார். திருப்பினார். அவள் பிடி திறந்தது. பாதி கட்டைவிரலின் பலவீனத்தால் திறந்தது, பாதி ஆறு மாத மரியாதையால் திறந்தது. அவர் நினைத்திருந்தால் அந்த நிமிஷமே அதைப் பிரித்துச் சொல்லியிருக்க முடியும்.

"பஞ்சு மாதிரி நழுவிடுச்சு மாஸ்டர்!" என்றாள் அவள்.

அடுத்த வாரம் இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் அவளோடு வேலை செய்கிற ஒருத்தி போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். மாஸ்டர் கூடத்தை டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஆறு கட்டில் போட்ட வார்டு. ஜன்னல் ஓரத்தில் அவள் தலையணையில் சாய்ந்திருந்தாள். காறை எலும்பு முறிந்து, வலது கையைக் கழுத்தோடு துணித் தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் எழ முயன்று, வலியில் முகம் சுளித்தாள்.

"படுங்கம்மா, படுங்க. எப்படி ஆச்சு?"

"ஸ்டாப்புல நின்னோம். பின்படி கதவு திறந்திருந்துச்சு. இறங்கப் போறவன் என் கையைப் பிடிச்சான். நீங்க சொன்ன மாதிரியே முழங்காலைத் தளர்த்தி, கட்டைவிரல் பக்கமா திருப்பினேன். வரல. அவன் சிரிச்சான் மாஸ்டர். இன்னும் ஒரு தடவை திருப்பினேன். இன்னொரு கையால தோள்ல ஒரு தள்ளு விட்டான். படியிலிருந்து நேரா நடைபாதை விளிம்புல விழுந்தேன். ஜனங்க அவனைப் பிடிச்சுக் கொடுத்துட்டாங்க, அது வேற விஷயம்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "விசில் கழுத்துலதான் இருந்துச்சு. ஊதியிருந்தா டிரைவர் ஓடி வந்திருப்பார். ஊதத் தேவையில்லைன்னு நினைச்சுட்டேன்."

மாஸ்டர் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தப்பு என்னோடதுதான் மாஸ்டர்" என்றாள் அவள். "தோளை இறுக்கிட்டேன்னு நினைக்கிறேன். இறுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க? பயத்துல இறுக்கிட்டேன். உங்க பேரைக் கெடுத்துட்டேன்."

அவர் ஒன்றும் சொல்லாததை அவள் கோபம் என்று நினைத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை எங்க டிப்போவுலேருந்து பன்னிரண்டு பேர் வர்றாங்க. எல்லாம் பொம்பளைங்க. போன வாரமே சொல்லி வைச்சேன். அவங்களுக்காவது ஒழுங்கா சொல்லிக் கொடுங்க. அவங்க என்னை மாதிரி மக்கு இல்ல."

அடுத்த கட்டிலில் யாரோ இருமினார்கள். மாஸ்டர் அந்த இருமல் அடங்கும் வரை காத்திருந்தார். பிறகு வேன்காரனைப் பற்றிச் சொன்னார். அறையைச் சொன்னார், அட்டைப்பெட்டியைச் சொன்னார். கும்பிட்டதைச் சொல்லும்போது குரல் கீழே போய்விட்டது; அவள் "என்ன?" என்று கேட்டதால் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"இது எப்போ?" என்றாள்.

"நீங்க கேட்டதுக்கு முந்தின நாள்."

அவள் அவர் கன்னத்தைப் பார்த்தாள். இப்போது அங்கே ஒன்றும் இல்லை.

"அன்னைக்குப் பல் வலின்னு சொன்னீங்க."

"ஆமாம்."

"வீங்கி இருந்துச்சு."

"ஆமாம்மா."

"தெரிஞ்சே என் கையைப் பிடிக்கச் சொல்லி, திருப்பிக் காட்டினீங்க."

அவள் குனிந்து தன் கைக்கட்டைப் பார்த்தாள். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். இரண்டும் நடக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை நானும் வருவேன்" என்றாள். "மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பெண்களும் வந்தார்கள். நாலு பேர் டியூட்டிக்குப் போகிற அவசரத்தில் யூனிஃபார்மிலேயே வந்திருந்தார்கள். கண்டக்டரம்மா கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்தாள். மாஸ்டர் நடுக்கூடத்தில் நின்று, நடந்ததை மறைக்காமல் சொன்னார். அறை வாங்கியது, பல் வலி என்று பொய் சொன்னது, செய்யும் என்று சொன்னது. சொல்லும்போது வார்த்தைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. இருந்தாலும் சொல்லி முடித்தார்.

பிறகு பல் டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"மாஸ்டருக்கு எப்பவுமே தன்னடக்கம் ஜாஸ்தி. அந்த வேன்காரனை அடிச்சா செத்துடுவான்னு விட்டிருப்பார்."

"இல்ல டாக்டர். நிஜமா இல்ல. வாங்க, இங்க வந்து தள்ளுங்க. நான் ஒண்ணும் செய்யப் போறதில்ல. நீங்க பறக்காதீங்க. அவ்வளவுதான்."

டாக்டர் வந்தார். கைகளை வைத்தார். தள்ளினார். மாஸ்டர் நட்ட கம்பம் மாதிரி சும்மா நின்றார். டாக்டர் நாலு எட்டு தடதடவென்று போய் மெத்தையில் மோதினார்.

"சத்தியமா நான் வேணும்னு பண்ணல மாஸ்டர்! காலு தன்னால போகுது!"

புதிதாக வந்த பன்னிரண்டு பேரும் வாயைப் பிளந்தார்கள். "அக்கா, ஒண்ணுமே செய்யாம இவ்வளவு பெரிய ஆளையா? இது போதுமே நமக்கு!" என்றாள் யூனிஃபார்மில் இருந்த ஒருத்தி. மாஸ்டர் "இல்லம்மா, அப்படி இல்ல" என்று கையை ஆட்டினார். அந்தக் கையாட்டலையும் அவர்கள் ஏதோ முத்திரை என்று உற்றுப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னதால் அவர் இன்னும் பெரிய ஆளாகிக்கொண்டிருந்தார்.

கண்டக்டரம்மா எழுந்து வந்ததை அவர் கவனிக்கவில்லை. பக்கவாட்டிலிருந்து வந்தாள். கையை வைக்கவில்லை, காத்திருக்கவில்லை. இடது கையால் ஒரே தள்ளு. மாஸ்டர் பக்கவாட்டில் சரிந்து, முழங்கை தரையில் இடிக்க விழுந்தார். மொத்தக் கூடமும் "ஐயோ" என்றது.

"இப்படித்தான் வருவானுங்க" என்றாள் அவள், மூச்சிரைக்க, கட்டுப் போட்ட கையை இடது கையால் தாங்கிக்கொண்டு. "சொல்லிட்டு வர மாட்டான். எவனாவது கையை வைச்சா விசிலை ஊதுங்கடி. கத்துங்க. வண்டியை நிறுத்தச் சொல்லுங்க. ஜனங்க திட்டினா திட்டட்டும். நானே பார்த்துக்கறேன்னு மட்டும் நிக்காதீங்க. நான் நின்னேன்."

யூனிஃபார்ம்காரி மாஸ்டரைப் பார்த்துக் கேட்டாள்:

"அப்போ இங்க என்னதான் சார் சொல்லிக் கொடுக்கறீங்க?"

மாஸ்டர் தரையிலேயே நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கையைத் தேய்த்தபடி யோசித்தார். "முழங்காலுக்கு நல்லது. ஓடுற பஸ்ல விழாம நிக்கலாம்" என்றார். "எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

தரையில் விழுந்த ஆள் அதைச் சொன்னதும் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது மற்றவர்களுக்கும் தொற்றியது. பல் டாக்டர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். மாஸ்டர் சிரிப்பு ஓய்கிற வரை தலையைக் குனிந்துகொண்டு அப்படியே இருந்தார். அது அவருக்குச் சேர வேண்டியதுதான்.

கண்டக்டரம்மா சிரிக்கவில்லை. கதவோரம் போய் உட்கார்ந்து செருப்பை மாட்ட ஆரம்பித்தாள். வார் வைத்த செருப்பு. ஒற்றைக் கையால் வாரைக் கொக்கியில் நுழைக்க வரவில்லை. இரண்டு தடவை நழுவியது. எழுந்து போய் மாட்டிவிட வேண்டும் என்று மாஸ்டருக்கு இருந்தது. நாலு எட்டு தூரம்தான். அவளிடம் அதைக் கேட்கிற முகம் தனக்கு இல்லை என்று உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். மூன்றாம் தடவை வார் கொக்கியில் விழுந்தது. அவள் எழுந்து, பன்னிரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வெளியே போனாள்.