ரோஷனின் முகச் சிவப்பு

ஜெகதாப்பட்டினம் மீன் ஏலத்தில் கலீல் ரஹ்மானுக்கு மீனைவிட முகம் முக்கியம். வியாபாரி இன்னும் ஏற்றிக் கேட்பானா, இதோடு நிறுத்திக்கொள்வானா என்பதை அவன் காதோரச் சிவப்பிலேயே பிடித்துவிடுவார். "கலீல் பாய் ஏலம் விட்டா மூஞ்சியில துண்டைப் போட்டுக்கிட்டு வாங்கப்பா" என்று கேலி பேசுவார்கள்.

அதே கண்ணோடுதான் வீட்டுக்கும் வந்தார். மனைவி ரோஷன் பேகத்தின் தங்கை நிலோஃபர் வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவள். அவளோடு பேச்சே கூடாது என்று சொல்லியிருந்தார்.

"அவகிட்ட பேசினியா?"

"இல்லைங்க." சொல்லும்போதே ரோஷனின் முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று ஆகிவிடும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடுவாள்.

"வாய் மறைச்சாலும் ஒன் மூஞ்சி மறைக்கலையே" என்பார். பிறகு பல நாள் பேசமாட்டார். அந்த மௌனத்திலும் அவள் முகம் சிவந்தது. அதையும் குற்றமாகவே எடுத்துக்கொண்டார்.

வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை என்று அவளைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, டாக்டர் கலீலிடம் ஸ்கேனைக் காட்டினார். சிறுகுடலில் கட்டி, கல்லீரலிலும் பரவியிருந்தது.

"இது ஹார்மோன் சுரக்கிற கட்டி, பாய். பயந்தா உடம்புல அட்ரினலின் ஏறும். அதைப் பிடிச்சுக்கிற ஏற்பிகள் இந்தக் கட்டியோட செல்லுலயும் இருக்கு. அதுல போய் ஒட்டினதும் கட்டி தன்கிட்ட உள்ளதை ரத்தத்துல கொட்டிடும். முகம் சிவக்கும், வயித்தால போகும்."

"யாராச்சும் அதட்டினாக்கூடவா?"

"அதட்டினாலும்தான். நாளைக்கு ஆபரேஷன். மருந்து ஏத்துவோம், ஆனாலும் அவங்க பதறாம இருக்கணும். பதறினா பிரஷர் தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாயிடும்."

கலீல் வெகுநேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். மன்னிச்சிரு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எழுந்துபோய் ரோஷன் இருந்த அறையின் கதவைத் திறந்தார்.

"ரோஷன்..."

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. "நான் யார்கிட்டயும் பேசலைங்க. அல்லா மேல ஆணையா."

கலீல் அப்படியே பின்வாங்கிக் கதவைச் சாத்தினார். வெளியே நின்று நிலோஃபருக்கு போன் போட்டார்.

"மச்சானா?" அவளால் நம்ப முடியவில்லை.

"ஒங்க லாத்தாவுக்கு நாளைக்கு ஆபரேஷன். நீ அவ பக்கத்துல இருக்கணும்மா. வாரியா?"

சாயங்காலம் அவள் வந்தாள். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தார். அக்காவின் கையைப் பிடித்து அவள் ஏதோ சொல்ல, ரோஷன் சிரித்தாள். முகம் வெறும் மாநிறமாக இருந்தது. அந்த நிறத்தைப் பார்த்து எத்தனை காலமாயிற்று!

நிலோஃபர் எட்டிப் பார்த்தாள். "உள்ள வாங்க மச்சான்."

"வேணாம்மா," என்றார் கலீல். "நான் இங்கிட்டே இருக்கேன்."