மாமா என்றால் கைநாட்டு

என் தம்பி தவசியிடம் யாரும் பணம் கேட்டுத் தொண்டையை வறட்டிக்கொள்ள வேண்டியதில்லை. "மாமா" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும், பெருவிரலை நீட்டிவிடுவான். ராசிங்காபுரத்தில் பாதி ஊர் அவனுக்கு மருமக்கள் முறை. மீதிப் பேர் முறை இல்லாவிட்டாலும் காரியம் ஆகவேண்டுமென்றால் மருமக்கள் ஆகிவிடுவார்கள். இதைக் கட்டி மேய்ப்பதற்கென்றே நான் பிறந்து வந்திருக்கிறேன்.

அவன் முன்பு இப்படி இல்லை. போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தான். நிழல் மரத்துக் கிளைகளைக் கழித்துவிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கிளை முறிந்து தலையில் விழுந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், புத்தி மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. நடப்பான், சிரிப்பான், யார் என்ன சொன்னாலும் நம்புவான். பொய் சொல்ல மட்டும் அவனுக்கு வராது. தோட்டத்து முதலாளி நஷ்ட ஈடாகக் கொடுத்த பணத்தைப் போடி பேங்கில் அவன் பேரிலேயே போட்டுவைத்தோம். அவனுக்குக் கல்யாணம் இல்லை, காடுகரை இல்லை, இனிமேல் பாரம் தூக்கவும் முடியாது. நான் கண்ணை மூடிவிட்டால் அவனுக்குக் கஞ்சி ஊற்றப்போவது அந்தப் பணம் ஒன்றுதான்.

அதில்தான் கன்னையன் கை வைத்தான். கன்னையன் எங்கள் பெரியப்பா மகள் பெற்ற பிள்ளை, தோட்டத்துக்கு ஜீப்பில் ஆள் ஏற்றி அனுப்புகிறவன். ஒருநாள் தவசியைப் போடிக்குக் கூட்டிப்போய், பரோட்டா வாங்கிக் கொடுத்து, பேங்க்காரர் முன்னால் ரேகை வைக்கச் சொல்லிப் பணத்தில் ஒரு பகுதியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். கைநாட்டுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனும் அவனே. பாஸ்புக்கை நெல்லுக் குதிருக்குள் ஒளித்துவைத்திருந்தேன். அந்த இடத்தை அவனுக்குக் காட்டிக்கொடுத்தது யார் என்று கேட்டேன்.

"நாந்தேன் எடுத்துக் குடுத்தேன்க்கா" என்றான் தவசி. "மாமா, பாஸ்புக்கு எங்க இருக்குன்னு கன்னையன் கேட்டான். பாவம், அவனுக்கு ஜீப்புக்கு டயரு வாங்கணுமாம்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த நெல்லுக் குதிரையே உடைத்திருப்பேன். கன்னையன் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினேன். அவன் பல்லைக் குத்திக்கொண்டே வெளியே வந்தான்.

"சின்னம்மா, மாமாவா மனசாரக் குடுத்துச்சு. நான் என்ன திருடுனனா?"

மறுநாளே தவசியை இழுத்துக்கொண்டு போடிக்கு பஸ் ஏறினேன். பேங்க் மேனேஜர் நல்ல மனுஷன், ஆனால் அவர் சொன்ன பதில் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியதுபோல் இருந்தது.

"ஏம்மா, ஆளு நேர்ல வந்தாரு. பாஸ்புக் இருந்துச்சு, ரேகையும் சரியா இருந்துச்சு. அவரு பணத்தை அவருக்கே தரமாட்டேன்னு நான் எப்படிச் சொல்றது?"

"அது மனசு சரியில்லாத பிள்ளை சார். நாய் வந்து மாமான்னு குரைச்சாலும் கைநாட்டு வச்சிரும்."

அவர் யோசித்து ஒரு வழி சொன்னார். கணக்கில் என் பேரையும் சேர்த்து, இரண்டு பேரும் நேரில் வந்து விரல் வைத்தால்தான் பணம் என்று மாற்றிக் கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்சில் நான் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். தவசி ஜன்னல் வழியாகத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் கையைக் காட்டிக்கொண்டே வந்தான்.

அதன்பிறகும் ஆட்கள் வந்தார்கள். ஒருவனுக்குக் கிணற்றில் தூர் எடுக்கவேண்டும், ஒருத்திக்கு மகன் படிப்பு. தவசி எல்லோருக்கும் சரி சொல்லி என்னிடம் அனுப்பிவைப்பான். நான் விளக்குமாறைக் கையில் எடுத்துக்கொண்டு பதில் சொல்வேன். ஊரில் எனக்கு ராட்சசி என்று பேர் வந்தது, வந்தால் வரட்டும் என்று இருந்தேன்.

இந்த நேரத்தில்தான் என் மகள் மாயக்காள் பெரியமனுஷி ஆனாள். சடங்கு வைக்கவேண்டும். தாய்மாமன் பெண்ணை உட்காரவைக்க ஓலையில் குச்சு கட்டவேண்டும், சீர் கொண்டுவர வேண்டும். மேளத்தோடு அந்தத் தட்டுகள் தெருவில் வரவில்லை என்றால் பெண்ணைப் பெற்றவர்கள் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. என் வீட்டுக்காரர் பெரியகருப்பன் ஒரு வாரமாக என்னை அரித்தெடுத்தார்.

"ஏ, இவளே! உன் தம்பி காசு பேங்குல சும்மாதானே தூங்குது. ரெண்டு பேரும் போயி வெரசா வெரலை வச்சிட்டு வாங்கடி. ஊரான் பிள்ளைக்கா கேக்குறோம், சொந்த மருமகளுக்குத்தானே?"

"கன்னையனும் சொந்த மருமகன்தான். இன்னைக்கு நான் எடுத்தேன்னா நாளைக்கு அவனை எந்த மூஞ்சியோட தடுக்குறது?"

"அப்பச் சீருக்கு என்ன செய்யப்போற?"

நான் வளர்த்த வெள்ளாடுகளை உசிலம்பட்டிச் சந்தையில் விற்கச் சொன்னேன். அந்தக் காசில் பட்டுச் சேலை, வெள்ளிக் கொலுசு, தட்டுகளுக்குத் தேங்காய் பழம் எல்லாம் வாங்கிக் கமுக்கமாகத் தவசி கையில் கொடுத்தேன். கையில் வசதி இல்லாத மாமன்மார்களுக்கு அக்கா தங்கச்சிகள் இப்படிச் செய்வது எங்கள் பக்கத்தில் புதுசு இல்லை. ஊருக்குத் தெரியும், ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தவசியை உட்காரவைத்து, "யாரு கேட்டாலும் நான் வாங்குனதுன்னு சொல்லணும்டா" என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவனும் தலையை ஆட்டினான். பொய் சொல்லத் தெரியாதவனிடம் பொய்யை ஒப்படைத்த என் அறிவை என்ன சொல்ல!

சடங்கன்று தட்டுகள் பத்திரமாகத்தான் வந்து சேர்ந்தன. மேளம் கொட்டிற்று, குலவை போட்டார்கள். தவசி புது வேட்டியில், நெற்றி நிறையத் திருநீறோடு முன்னால் நடந்து வந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடிபடுவதற்கு முன்னால் இருந்த தம்பியே வந்துவிட்டதுபோல் இருந்தது.

பந்தலில் யார் யார் என்ன சீர், மொய் செய்தார்கள் என்று செய்முறை வாசிக்க மைக்கைப் பிடித்திருந்தவன் கன்னையன். ஊரில் எங்கே மைக்செட் கட்டினாலும் அது எப்படியோ அவன் கைக்கு வந்துவிடும். தாய்மாமன் சீர் என்று தட்டுத்தட்டாகப் படித்தவன், சும்மா இருக்காமல் மைக்கைத் தவசி வாய்க்கு நேரே நீட்டினான்.

"மாமா, இம்புட்டுச் சீரு செஞ்சிருக்கீகளே, ஒரு வார்த்தை பேசுங்க மாமா!"

மாமா என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டான். தவசி முகம் மலர்ந்துவிட்டது.

"இது என் காசு இல்ல மாப்ளே" என்றான். புளியமரத்தில் கட்டியிருந்த குழாய் அதை ஊர் முழுக்கச் சொல்லிற்று. "அக்கா ஆட்டை வித்து வாங்குச்சு. என் காசு பேங்குல இருக்கு. எடுப்போம்னா அக்கா எடுக்க விடமாட்டேங்குது."

மேளக்காரன்கூடக் கையை நிறுத்திவிட்டான்.

"கேட்டீகளாப்பா?" கன்னையன் மைக்கை விடவில்லை. "பேங்குல காசு இருந்தா எதுக்கு ஆட்டை விக்கணும்? கணக்குல பேரைச் சேத்த அன்னைக்கே காசு போயிருக்கும். புத்தி சரியில்லாத தம்பி காசை அமுக்கிட்டு, ஊரை ஏமாத்த ஆட்டு நாடகம்!"

"அட சண்டாளி" என்று ஒரு கிழவி கன்னத்தில் கை வைத்தாள். உண்மை தெரிந்த என் வீட்டுக்காரர் இலை போடப் போவதுபோல் நழுவினார். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. வீட்டுக்குள் ஓடி டிரங்குப் பெட்டியைத் திறந்து பாஸ்புக்கை எடுத்தேன். கன்னையன் தின்றதைத் தவிர ஒரு பைசா குறையவில்லை, வாத்தியாரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னால் அந்த மைக்கிலேயே அத்தனை பேர் வாயும் அடைந்துவிடும்.

நிலைப்படி வரை வந்துவிட்டேன். அங்கே நின்று பந்தலைப் பார்த்தேன். கன்னையன் கழுத்தை நீட்டி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கிணற்றுக்காரனும் பார்த்தான், மகன் படிப்புக்குக் கேட்டவளும் எட்டிப் பார்த்தாள். அத்தனை கண்ணிலும் ஒரே கேள்விதான் இருந்தது. இருக்கிறதா இல்லையா? இருக்கிறது என்று காட்டிவிட்டால் எனக்கு நல்ல பேர். நாளைக் காலையில் வாசலில் மாமா, மாமா என்று வரிசை கட்டி நிற்பார்கள். எனக்கு அடுத்து அவனுக்குக் காவல் யாரும் இல்லை.

பாஸ்புக்கை இடுப்பில் செருகி முந்தானையால் மூடிக்கொண்டு பந்தலுக்கு வந்தேன். கன்னையன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன்.

"ஆமா, நாந்தேன் எடுத்தேன். அம்புட்டும் செலவாயிருச்சு. பேங்குல சல்லிக்காசு இல்ல. இப்ப என்னாங்கிறீக?"

"அக்கா, இருக்குல்லக்கா..." என்று தவசி ஆரம்பித்தான். அவன் வாயில் ஒரு லட்டைத் திணித்தேன். மாயக்காள் குச்சுக்குள்ளிருந்து என்னையே பார்த்தாள். பெற்ற மகள் அப்படிப் பார்த்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பாதிப் பேர் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். அன்றைக்குப் பிறகு குழாயடியில் நான் குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். தம்பி காசைத் தின்றவள் என்று என் காதுபடவே பேசினார்கள். மனசு கொதிக்கும், பல்லைக் கடித்துக்கொள்வேன். இருபது தடவை சொல்லி, அடித்து, அழுது செய்ய முடியாததை இந்தக் கெட்ட பேர் ஒரே நாளில் செய்து முடித்திருந்தது. ஒருத்தன் வாசலுக்கு வரவில்லை. பணம் பேங்கில் வட்டியோடு பத்திரமாகக் கிடந்தது.

தவசிக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. காலையில் எழுந்ததும் பஸ் நிற்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். கன்னையன் ஜீப்பில் ஆள் ஏற்றிக்கொண்டு அந்த வழியாகத்தான் மெட்டுக்குப் போவான். தவசி எழுந்து நின்று சிரித்துக் கையைக் காட்டுவான். ஜீப்பு நிற்காமல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும்.

ஒருநாள் கஞ்சிக்குக் கூப்பிடப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நான் எதும் தப்புப் பண்ணிட்டனாக்கா? இப்பல்லாம் ஒருத்தரும் மாமான்னு கூப்புட மாட்டேங்குறாக."

"எல்லாருக்கும் சோலி இருக்கும்டா" என்றேன். "எந்திரி, கஞ்சி ஆறுது."

அவன் எழுந்திருக்கவில்லை. மெட்டுப் பக்கமிருந்து வேறொரு ஜீப்பு வருகிற சத்தம் கேட்டது. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ரோட்டோரத்தில் போய் நின்றுகொண்டான்.