கல்யாணசுந்தரிக்குப் பச்சை

நவநீதனுக்குக் கடலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது கோட்டுச்சேரிக்குக் கிழக்கே இருக்கிறது என்பது மட்டும்தான். நெல் பார்த்த குடும்பம். ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று வீட்டில் பேசுவார்களே தவிர, கடலில் காற்று எந்தப் பக்கம் என்று ஒருவரும் பேசியதில்லை. அப்படிப்பட்டவனிடம் போய் மீனவ ஊர்களுக்கு மென்பொருள் எழுதச் சொன்னார்கள். எழுதினான். நன்றாகவே எழுதியிருப்பதாக அவனே சொல்லிக்கொண்டும் திரிந்தான்.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் கடை மாடியில் அவன் அலுவலகம். முதலாளி சிவப்ரியா. பெங்களூரில் வேலை பார்த்தவள், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்கு வந்து, திரும்பிப் போகாமல் இங்கேயே கடை விரித்துவிட்டாள். மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகள் சேர்ந்து அவளிடம் கேட்டது எளிய விஷயம். புயல் எச்சரிக்கை வந்தால் எந்தப் படகு கரைக்கு வந்துவிட்டது, எது இன்னும் கடலில் என்று ஒரே திரையில் தெரிய வேண்டும். ஊர்தோறும் பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஒரு பெரிய டிவி. கரையேறிய படகுக்குப் பச்சை, கடலில் இருப்பதற்குச் சிவப்பு.

படகு கிளம்பினாலும் வந்தாலும் இறங்குதளத்தில் இருக்கும் ஆள் போனில் ஒரு வரி தட்டி அனுப்புவார். ‘காரைக்கால்/பட்டினச்சேரி/சிவசக்தி/கரையேறியது’ என்று, நடுநடுவே சாய்கோடு போட்டு. படகு எங்கே ஒதுங்கினாலும் வரியில் அதன் சொந்த ஊர்தான் இருக்கும். வந்து குவியும் வரிகளைச் சாய்கோட்டில் வெட்டி, காரைக்காலை வேராக வைத்து, அதன் கீழே ஊர்களைக் கிளையாகப் பிரித்து, கிளைதோறும் படகுகளைத் தொங்கவிடுவது நவநீதன் வேலை. ‘படகு1’, ‘படகு2’ என்று தானே பெயர் வைத்துச் சோதித்துப் பார்த்தான். மரம் அழகாக விரிந்தது.

முதல்முறை போட்டுக் காட்டியபோது பட்டினச்சேரி பஞ்சாயத்துத் தலைவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

“ஏன் தம்பி, வேரு மேல இருக்கு, கெளை கீழ தொங்குது. இது என்ன மரம்?”

“கம்ப்யூட்டர்ல மரம் இப்படித்தாங்க வளரும்.”

“அப்ப தண்ணி எங்கேருந்து ஊத்துவீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். நவநீதனும் சிரித்தான். திரையின் அடியில் ‘குறை இருந்தால் அழைக்கவும்’ என்று தன் எண்ணையும் போட்டுவைத்தான். குறையே இருக்காது என்ற தைரியத்தில் போட்டதுதான்.

கார்த்திகையில் காற்றழுத்தத் தாழ்வு வந்தது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். திரைகளில் சிவப்பு ஒவ்வொன்றாகப் பச்சையாக மாறியது. புயல் இந்தப் பக்கம் வராமல் வடக்கே போய்விட்டது என்று மறுநாள் காலை செய்தியில் சொன்னார்கள். கடல் மட்டும் இன்னும் அடங்கவில்லை. சிவப்ரியா எல்லோருக்கும் பால்கோவா வாங்கி வந்தாள். நவநீதன் அதை வாயில் போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

“திரையில நம்பர் போட்டிருக்கிறது நீங்கதானா தம்பி?”

“ஆமாங்க, சொல்லுங்க.”

“பட்டினச்சேரிலேருந்து அன்னபூரணி பேசுறேன். எங்க வூட்டுக்காரரு பேரு தங்கையன். படகு கல்யாணசுந்தரி. அவரும் என் தம்பியும் போயிருக்காங்க. வந்துட்டதா பச்சை காட்டுது. ஆளு வரலீங்களே.”

நவநீதன் திரையைத் திறந்தான். பட்டினச்சேரிக்குக் கீழே கல்யாணசுந்தரி. பச்சை.

“நாகப்பட்டினம், காரைக்கால் ஆத்துமொகம்னு கெடைச்ச எடத்துல ஒதுங்கியிருப்பாங்கக்கா. தகவல் வந்தாத்தான் பச்சையாகும். தானா ஆகாது.”

“போன் போகலையே.”

“சார்ஜ் இருக்காதுங்க.”

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான். டீக்கடையில் நிற்கும்போது மறுபடியும் அவள்தான். இரண்டு இறங்குதளத்துக்கும் ஆள் விட்டுப் பார்த்தாகிவிட்டது, படகு அங்கே இல்லை என்றாள். அவனுக்கு எரிச்சல் வந்தது. புருஷன் எங்கே போனான் என்று மென்பொருள் எழுதியவனிடம் கேட்டால் அவன் என்ன செய்வான்? “சிஸ்டம் தப்பா காட்டாதுக்கா” என்று வைத்துவிட்டான்.

மூன்றாவது முறை அவள் குரல் இறங்கியிருந்தது.

“தம்பி, நான் பொய் சொல்லலை. தலைவர்கிட்ட போயி நின்னேன், தேடுறதுக்குப் படகு அனுப்புங்கன்னேன். பச்சை எரியறப்ப எவன் வூட்டுப் புள்ளைய இந்தக் கடல்ல அனுப்புறதுங்கிறாரு. அவரு கேக்கறதும் ஞாயந்தானே? அந்தப் பச்சை எங்கேருந்து வந்துச்சுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

“பாத்துட்டுக் கூப்புடுறேங்க்கா” என்றான். இந்த முறை உண்மையாகவே பார்த்தான்.

மரத்தை விட்டுவிட்டு, மரமாவதற்கு முன்னால் வந்த வரிகளுக்குப் போனான். கல்யாணசுந்தரி என்று தேடினான். கரையேறியதாக ஒரே ஒரு வரிதான் இருந்தது. ‘காரைக்கால்/கிளிஞ்சல்மேடு/கல்யாணசுந்தரி/கரையேறியது.’

ஊர் கிளிஞ்சல்மேடு. பட்டினச்சேரி இல்லை.

நடந்தது இதுதான். மரம் கட்டும்போது ஒவ்வொரு துண்டுக்கும் நிரல் ஒரு கேள்வி கேட்கும்: இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா? இருந்தால் புதிதாக முளைக்க வைக்காமல் அதையே எடுத்துக்கொள்ளும். நவநீதன் அந்தக் கேள்வியைப் பெயரை மட்டும் வைத்துக் கேட்கச் சொல்லியிருந்தான், ஊரையும் சேர்த்துக் கேட்கச் சொல்லவில்லை. பட்டினச்சேரிக் கல்யாணசுந்தரி முதலில் முளைத்துவிட்டது. கிளிஞ்சல்மேட்டுக் கல்யாணசுந்தரி வந்தபோது, அதுதான் இருக்கிறதே என்று நிரல் பட்டினச்சேரிப் படகின் தலையில் பச்சையைப் பூசிவிட்டது. கிளிஞ்சல்மேட்டுக் கிளையில் அப்படியொரு படகே இல்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை. வீடு வந்து சேர்ந்தவன் தன் படகைத் திரையில் தேடுவானா?

போன வருஷம் நவநீதன் வரவழைத்த ஹெட்போன் வேறு ஊர் மாரியம்மன் கோவில் தெருவுக்குப் போய்விட்டது. எல்லா ஊரிலும் மாரியம்மன் கோவில் தெரு இருக்கும், ஊர் பேரைப் பார்க்கத் தெரியாதா என்று கொரியர்காரனை வாங்கு வாங்கென்று வாங்கினான். இப்போது அதே காரியத்தைத்தான் இவன் செய்து வைத்திருக்கிறான். அங்கே போனது ஹெட்போன்.

கிளிஞ்சல்மேட்டு இறங்குதள ஆளைக் கூப்பிட்டுக் கேட்டான்.

“கல்யாணசுந்தரியா? பஞ்சநாதன் படகு. நேத்தே வந்துருச்சே, இந்தா கண்ணு முன்னாடி நிக்குது.”

“பட்டினச்சேரில ஒரு கல்யாணசுந்தரி இருக்குதுங்களா?”

“இருக்கும் இருக்கும். அவுங்க அண்ணன் தங்கையனோடது. கல்யாணசுந்தரி அவுங்க ஆத்தா பேரு. பாகம் பிரிச்சப்ப வலையைப் பிரிச்சாங்க, எஞ்சினைப் பிரிச்சாங்க, ஆத்தா பேரை மட்டும் ரெண்டு பேருமே விடலை. ஆளுக்கொரு படகுல எழுதிக்கிட்டாங்க. இவரு பொண்டாட்டி ஊருன்னு இங்க வந்துட்டாரு. பேச்சுவார்த்தை கெடையாது. ஏன் கேக்கறீங்க?”

நவநீதன் ஏதோ சொல்லி வைத்தான். திருத்த வேண்டியது ஒரே ஒரு வரி. பெயரை மட்டும் பார்க்காமல் வேரிலிருந்து முழுப் பாதையையும் பார் என்று மாற்றினான். தன் கணினியில் மட்டும் ஓட்டிப் பார்த்தான். மரத்தில் இரண்டு கல்யாணசுந்தரி. கிளிஞ்சல்மேட்டில் பச்சை, பட்டினச்சேரியில் சிவப்பு.

அவன் கை அதற்கு மேல் ஓடவில்லை. இதை அனுப்பினால் பஞ்சாயத்துக் கட்டடத்தில், ஊர் பார்க்க, அவள் புருஷனுக்கும் தம்பிக்கும் சிவப்பு எரியும். அவள் அங்கேயே விழுந்துவிட்டால்?

“மேடம், நான் போயி நேர்ல சொல்லிடறேன். அப்புறமா நீங்க மாத்துங்க.”

சிவப்ரியா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “சீக்கிரம் போ” என்றாள்.

மழைத் தூறலில் வண்டியை விரட்டினான். வழியெல்லாம் வாக்கியம் சேர்த்துக்கொண்டே போனான். தொழில்நுட்பக் கோளாறு, எதிர்பாராத விதமாக, மன்னிக்கவும். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, பொய்யான அந்தப் பச்சையை இன்னும் கொஞ்ச நேரம் எரியவிட்டான் என்பது அவன் மண்டையில் ஏறவே இல்லை.

பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஆட்கள் நின்றிருந்தார்கள். தலைவர் நாற்காலியில் இருந்தார். திரைக்கு நேர் எதிரே, சுவரில் சாயாமல், நட்டுவைத்ததுபோல் ஒரு பெண். யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்தது.

“அக்கா, நான்தான் நவநீதன். போன்ல பேசினேனே.” சேர்த்துவைத்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. “அந்தப் பச்சை உங்களோடது இல்லீங்க்கா. உங்க கொழுந்தனார் படகோடது. ரெண்டும் ஒரே பேரா இருந்ததால மாத்திப் போட்டுருச்சு. இல்லை, நான்தான் மாத்திப் போட்டுட்டேன். உங்க படகு கரையேறினதா தகவலே வரலை.”

அவள் விழவில்லை. அவனைப் பார்த்தாள்.

“இதைச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்தீங்க? போன்லயே சொல்லியிருக்கலாமே தம்பி. எவ்ளோ நேரம் போச்சு.”

அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

“சிவப்பாக்குங்க” என்றாள். “மொதல்ல அதைச் சிவப்பாக்குங்க.”

அவன் சிவப்ரியாவுக்குப் போன் போட்டு, “மாத்துங்க மேடம்” என்றான். திரை ஒருமுறை வெள்ளையாகி, மறுபடி மேலிருந்து கீழே விரிந்தது. பட்டினச்சேரிக்கு அடியில், வரிசையாகப் பச்சைகளுக்கு நடுவே, கல்யாணசுந்தரி சிவப்பாக எரிந்தது.

அன்னபூரணி திரும்பினாள். “தலைவரே, பாத்துக்குங்க.”

தலைவர் எழுந்துவிட்டார். தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, படகுப் பெயர்களைச் சொல்லி ஆட்களைக் கூப்பிட்டபடியே கடற்கரைப் பக்கம் நடந்தார். கட்டடம் காலியானது. காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவள் அப்போதுதான் தரையில் உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து ஊர் முழுக்க அவளிடம் வந்துவிட்டார்கள், வந்துவிட்டார்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. வரவில்லை என்று அவளோடு சேர்ந்து சொன்னது அந்தச் சிவப்பு ஒன்றுதான். நவநீதனுக்கு இது புரிந்தபோது வெட்கமாக இருந்தது. அவளுக்குச் சற்றுத் தள்ளி அவனும் உட்கார்ந்தான். போகச் சொல்வாள் என்று நினைத்தான். சொல்லவில்லை.

தேடப் போன படகுகள் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறின. கடலுக்குள் போனால் சிவப்பு, அதுதானே விதி. கொஞ்ச நேரம் கழித்துத் திரையின் கீழ்ப்பக்கத்தில் இன்னொன்று மாறியது. கிளிஞ்சல்மேட்டுக் கிளையில், இப்போதுதான் முதன்முதலாக முளைத்திருந்த கல்யாணசுந்தரி. அதுவும் சிவப்பு. அடுத்த கோளாறு என்று நவநீதன் பதறி எழுந்தான். போனில் வரியைத் திறந்து பார்த்தால் முறைப்படி வந்த தகவல்தான். படகு கடலுக்குக் கிளம்பியிருந்தது.

அன்னபூரணியும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“கொழுந்தன் போறாரு” என்றாள். அப்போதுதான் அழுதாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், நன்றாக அழுதாள்.

அவன் கிளம்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

“தம்பி, ஒண்ணு செய்யிங்க. இனிமே யாரு என்ன தகவல் குடுத்தாலும், நான் சொன்னப்புறம் பச்சை போடுங்க.”

சரி என்றான். அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்து அதையே எழுதினான். இறங்குதளத்திலிருந்து ‘கரையேறியது’ என்று வந்தாலும் படகு மஞ்சளாகத்தான் மாறும். ஆள் வீடு சேர்ந்துவிட்டதாக வீட்டிலிருந்து ஒருவர் சொன்னால்தான் பச்சை. எல்லாப் படகுக்கும் அப்படியே வைத்தான். இது கூடுதல் வேலை, பஞ்சாயத்தில் கேட்கவே இல்லையே என்று சிவப்ரியா சொல்வாள் என்று எதிர்பார்த்தான். அவள் படித்துப் பார்த்துவிட்டு, “வீட்டு நம்பர்லாம் நானே கேட்டு வாங்கிடறேன்” என்றாள்.

மறுநாள் காலை கடல் அடங்கியிருந்தது. அலுவலகத்தில் யாரும் வேறு வேலையைத் தொடவில்லை, தொட்டதுபோல் பாவனை செய்தார்கள். இறங்குதளத்திலிருந்து வரி வந்தது. ‘காரைக்கால்/பட்டினச்சேரி/கல்யாணசுந்தரி/கரையேறியது.’ படகு மஞ்சளானது. நவநீதனுக்குக் கை பரபரத்தது. அவனே ஒரு பொத்தானை அழுத்தினால் பச்சையாகிவிடும். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யார் வந்தார்கள், எப்படி வந்தார்கள், இரண்டு பேருமா? வரியில் அதெல்லாம் இல்லை.

கடைசியில் போன் அடித்தது. அந்தப் பக்கம் ஒரே கூச்சல். யாரோ நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோன கதையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆண் இருமினான். இன்னொருவன் அவனை, “பேசாம படுண்ணே” என்று அதட்டினான்.

“தம்பி, போடுங்க” என்றாள் அன்னபூரணி.

“போடுறேங்க்கா. ரெண்டு பேரும் நல்லாருக்காங்களா?”

“மூணு பேரும் நல்லாருக்காங்க. இழுத்துக்கிட்டு வந்தவரு இங்கதான் உக்காந்திருக்காரு, இன்னும் அவரு ஊருக்குப் போகலை.” கொஞ்சம் நிறுத்தினாள். “ரெண்டு கல்யாணசுந்தரியும் நம்ம கரையிலதான் நிக்குது. ரெண்டுக்கும் போடுங்க.”