டார்ச் கம்பெனி ஸ்டாப்பில் இறங்கவும்

எங்கள் சங்கத்தின் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. அகில இந்திய சிறுதொழில் ஸ்பிரிங் உற்பத்தியாளர் நலச்சங்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் அதற்கு ஒரு மாடி அறை, இரண்டு பீரோ, ஒரு ஊழியர். அந்த ஊழியர் நான்தான். பெயர் வனஜா, வீடு ஆவடி குவார்ட்டர்ஸ். கணவர் டாங்கி தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். டாங்கி ஓட்டுகிறவர்கள்கூட சொன்னால் கேட்பார்களாம். எங்கள் செயலாளர் நாகேந்திரன் கேட்கமாட்டார்.

நாகேந்திரன் மேனாம்பேட்டுக்காரர். வயது அறுபத்தொன்று. பதினோரு வருடமாகச் செயலாளர். இந்த வருடம் அகில இந்தியத் தலைவர் ஆகிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மாநாடும் தேர்தலும் இங்கேயே, எஸ்டேட்டுக்குள் இருக்கும் கல்யாண மண்டபத்தில். ராஜ்கோட், லூதியானா, கோலாப்பூர் என்று வெளியூர் ஓட்டு அறுபத்திரண்டு. அத்தனை பேருக்கும் தீபாவளிக்கு அதிரசம் அனுப்பி, பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லி, அறுபத்திரண்டையும் கைக்குள் போட்டிருந்தார். உள்ளூர் ஓட்டு முப்பத்தெட்டு. அவர்கள் பதினோரு வருடமாக அவர் பேச்சைக் கேட்டவர்கள். அதனால் அவர்களை அவர் நம்பவில்லை.

எதிர்த்து நின்றவர் ஆவடி தமிழ்வாணன். அதிகம் பேசமாட்டார். அதுவே அவருக்குப் பெரிய தகுதியாக இருந்தது.

உள்ளூர்க்காரர்கள் எந்தக் கூட்டத்துக்கும் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவார்கள். அதைக் கணக்கில் வைத்து, நாகேந்திரன் போன வருடமே ஒரு விதியை நுழைத்திருந்தார். ஓட்டுப்பதிவு காலை பத்தரை முதல் பதினொன்றரை வரை. அதற்குப் பிறகு ஒரு நிமிடமும் கிடையாது. நேரில் வந்தால்தான் ஓட்டு.

மாநாட்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டிக் கையேடு போட வேண்டும் என்றார். இங்கிலீஷிலும் இந்தியிலும் போடலாம், முதலில் தமிழில் எழுதிக்கொண்டு வா என்றார். நான் ஆசையாக எழுதினேன். தினமும் ஆவடியிலிருந்து அம்பத்தூருக்கு இடிபட்டு வருகிறவளுக்கு எழுத விஷயமா இல்லை? டிரெயினில் ஏறும்முன் அது நெமிலிச்சேரி வழியாகப் போகிறதா, மிலிட்டரி சைடிங் கிளைப் பாதையில் திரும்பிவிடுகிறதா என்று கேளுங்கள் என்று எழுதினேன். ஷேர் ஆட்டோவில் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது என்றால் நம்பாதீர்கள் என்று எழுதினேன். இங்கே யாராவது 'பக்கத்துலதான்' என்றால் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள், மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினேன். கடைசிப் பக்கத்தில் மண்டபத்தின் கதவு எண், தெரு, பின்கோடு, போனில் காட்டினால் நேரே வாசலுக்குக் கொண்டுவந்து விடும் கியூஆர் கோடு.

நாகேந்திரன் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார்.

"இன்னாம்மா இது, ஊர் மானத்த வாங்கற மாதிரி கீது. மழ பேஞ்சா செருப்ப கைல எட்த்துக்கணுமா?"

"எடுத்துக்கத்தானே சார் செய்றோம்."

"செய்யறது வேற, எழுதறது வேற."

'மழைக்காலத்தில் அம்பத்தூரின் அழகு தனி' என்று மாற்றினார். ஷேர் ஆட்டோ போய், 'விருந்தோம்பல் மிக்க ஓட்டுநர்கள்' வந்தார்கள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் பேனா கியூஆர் கோட்டின் மேல் நின்றது.

"இந்தக் கட்டம் இன்னாத்துக்கு? நல்ல எடத்த அடச்சிக்கினு கீது."

"மண்டபத்துக்கு வழி சார்."

"வழின்னா வழியா எழுதணும். எழுதிக்கோ. டார்ச் கம்பெனி ஸ்டாப்பில் இறங்கவும். எதிரே லட்சுமணன் டீக்கடை. அதை ஒட்டி ஐந்து நிமிட நடை. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்."

டார்ச் கம்பெனி மூடி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அந்த இடத்தில் இப்போது பதினாலு மாடி அடுக்ககம் நிற்கிறது. நிறுத்தத்தின் பலகையில் வேறு பெயர். ஆனாலும் கண்டக்டர் 'டார்ச் கம்பெனி' என்றுதான் குரல் கொடுப்பார், நாங்களும் அப்படித்தான் டிக்கெட் வாங்குவோம். எங்கள் பக்கத்தில் கம்பெனி செத்தாலும் ஸ்டாப் சாகாது. நாகேந்திரனுக்கு முதல் ஆர்டர் கொடுத்ததே அந்தக் கம்பெனிதான். டார்ச்சுக்கு அடியில் பேட்டரியைத் தாங்குகிற சுருள் ஸ்பிரிங். அது இடிந்துபோனதை அவர் மனசு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

"வெளியூர்க்காரங்களுக்கு டார்ச் கம்பெனி எப்படி சார் தெரியும்?"

"டார்ச் கம்பெனி தெரியாதவன் இருப்பானாம்மா?"

கதவு எண்ணும் பின்கோடும் போயின. கியூஆர் கோடு இருந்த இடத்தில், சால்வை போர்த்திய நாகேந்திரனின் படம் அச்சாகி வந்தது.

வெளியூர்க்காரர்கள் முந்தின நாளே வந்து பூந்தமல்லி லாட்ஜுகளில் தங்கினார்கள். ஒரு பஸ் பிடித்து அழைத்து வந்துவிடலாம் என்றேன். போனிலாவது இடத்தை அனுப்பிவிடுகிறேன் என்றேன். "அப்புறம் கையேடு எதுக்கு அச்சடிச்சோம்?" என்று கேட்டார்.

தேர்தலன்று காலை ஒன்பது மணிக்கே உள்ளூர்க்காரர்கள் முப்பத்தெட்டு பேரும் மண்டபத்தில் இருந்தார்கள். இருபது வருடத்தில் நடக்காத அதிசயம். தமிழ்வாணன் எட்டரை மணிக்கு நெய்ப் பொங்கலும் வடையும் ஏற்பாடு செய்திருந்தார். அவ்வளவுதான் அவருடைய மொத்தப் பிரசாரமும்.

பத்தரைக்கு ஓட்டுப்பதிவு தொடங்கியது. வெளியூர் நாற்காலிகள் அறுபத்திரண்டும் காலி. நாகேந்திரன் வாசலுக்கும் மேடைக்குமாக நடந்தார். பத்து நாற்பதுக்கு ராஜ்கோட்காரர் போன் செய்தார். எல்லோரும் டார்ச் கம்பெனி வாசலில்தான் நிற்கிறோம், மண்டபத்தைத்தான் காணோம் என்றார். நாகேந்திரனின் இந்தி ஸ்பிரிங் அளவுகளோடு முடிந்துவிடும். டாக்ஸி டிரைவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.

"எங்கப்பா நிக்கற?"

"டார்ச் கம்பெனில சார்."

"அதாம்ப்பா, எதிர்ல லட்சுமணன் டீக்கட இருக்குல்ல?"

"எதிர்ல ஏரிதான் சார் இருக்கு."

"இன்னாபா ஒளர்ற. டார்ச் கம்பெனி எதிர்ல ஏது ஏரி? மூடின கம்பெனிப்பா, இருவத்திரெண்டு வருசமாச்சு."

"இல்ல சார், இங்க தொறந்துதான் இருக்கு. ஓனரே வெளிய வந்து நிக்கிறாரு, இவ்ளோ கூட்டம் எதுக்குன்னு."

நான் போனை வாங்கி விசாரித்தேன். டிரைவர்கள் எல்லோரும் வெளியூர். போனில் டார்ச் கம்பெனி என்று தேடியிருக்கிறார்கள். எமர்ஜென்சி விளக்கும் டார்ச்சும் மொத்தமாக விற்கும் ஒரு கிடங்கைப் போன் காட்டியிருக்கிறது. குத்தம்பாக்கத்தில். பூந்தமல்லியிலிருந்து இந்தப் பக்கம் வரவேண்டியவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்று எழுதியிருந்ததே, அதன்படி கேட்டும் பார்த்திருக்கிறார்கள். எல்லோரும் அந்தக் கிடங்கைத்தான் சரியாகக் காட்டியிருக்கிறார்கள்.

மண்டபம் இருக்கும் இடத்தை உடனே அனுப்பினேன். வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் என்று போன் சொன்னது. மணி பத்து ஐம்பது.

நாகேந்திரன் தேர்தல் அதிகாரியிடம் போனார். முக்கால் மணி நேரம் நீட்டிக்க முடியுமா என்று தணிந்த குரலில் கேட்டார். அவர் குரல் தணிந்து நான் கேட்டது அன்றுதான். அதிகாரி விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். ஒரு நிமிடமும் கிடையாது என்ற வரிக்குக் கீழே நாகேந்திரனின் கையெழுத்து கொட்டைகொட்டையாக இருந்தது.

தமிழ்வாணன் முப்பத்தாறு, நாகேந்திரன் இரண்டு. இரண்டில் ஒன்று அவருடையது. இன்னொன்று யாருடையது என்று அவர் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார்.

பன்னிரண்டரைக்கு அறுபத்திரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு எமர்ஜென்சி விளக்கு. அவ்வளவு நேரம் அந்த ஆளின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டு, ஒன்றும் வாங்காமல் வர அவர்களுக்குக் கூச்சமாக இருந்ததாம். ராஜ்கோட்காரர் நாகேந்திரனைக் கட்டிப்பிடித்து, நீங்கள்தான் தலைவர் என்றார். பிறகு யாரோ காதில் விஷயத்தைச் சொன்னார்கள். கையில் வைத்திருந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியில் வைத்தார்.

சாப்பாட்டுக்கு முன் புதிய தலைவர் நாலு வார்த்தை பேசினார். எண்ணிப் பார்த்தால் மூன்றே வாக்கியம்.

"மூணு வருசம் கழிச்சி அடுத்த தேர்தலும் இங்கதான் வெக்கணும். அப்பவும் வழிகாட்டிப் புக்கை நம்ம நாகேந்திரன் அண்ணாத்தேதான் எழுதணும். அவர மாதிரி எழுத ஆளே கெடயாது."

முப்பத்தேழு கைகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. வெளியூர்க்காரர்கள் மட்டும் மடியிலிருந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாகேந்திரன் எழுந்து நின்று கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. பதினோரு வருடத்தில் உள்ளூர்க்காரர்கள் அவருக்குக் கைதட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எதற்கு இடம் கொடுப்பது என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் பக்கம் சாய்ந்தார்.

"பாத்தியா வனஜா, ஓட்டு போடாதவன்கூட எழுத்துக்கு மரியாத குடுக்கறான். அடுத்த வாட்டி போட்டோவ அட்டையிலயே போட்டுடு."

சரி சார் என்றேன்.